நாலாயிரத்துக்கு மேல்

வலது எஞ்சின் ஐயாயிரத்து ஐந்நூறு தொடும்.
இடது, எவ்வளவு தள்ளினாலும், நாலாயிரம்.
அதற்கு மேல் முள் ஏறாது.
இருமல் இல்லை, நடுக்கம் இல்லை,
சாவியின் ஒரே திருப்பில் கிளம்பும்.
மெதுவாகப் போகிறவரை
குற்றம் சொல்ல முடியாத பிள்ளை.

பார்க் ரைனியில் மெதுவாகப் போக முடியாது.
கரைக்கும் மீனுக்கும் நடுவே மூன்று வரிசை அலை.
ஒன்று உடைந்து அடுத்தது எழும்புவதற்குள்
எண்ணிக்கை இருபது, சில நாள் பதினைந்து.
அதற்குள் வெளியே போய்விட வேண்டும்.
போன டிசம்பரில் போனோம்,
இரண்டு எஞ்சினும் முழுசாய்.
அலையின் முதுகிலிருந்து படகு பறந்தது.
விழுந்தபோது ஐஸ் பெட்டி கடலில்,
தியாகராஜின் முன்பல் கன்சோலில்.

ஜனவரியிலிருந்து இந்த நாலாயிரம்.

ஸ்காட்பர்க் மெக்கானிக் மூடியைத் திறக்காமலே சொன்னான்:
பவர்ஹெட் போச்சு, பதினெட்டாயிரம் ராண்ட்.
நான் கேஜை வாங்கி வந்து நானே பார்த்தேன்.
நூற்றிருபது, நூற்றிருபது, நூற்றுப் பதினெட்டு.
என் ரத்த அழுத்தத்தைவிட ஒழுங்கு.
பிளக்குகளை வரிசையாக வைத்தேன்,
மூன்றும் பால் குறைந்த டீயின் நிறம்.
ஃபில்டரில் ஒரு ஸ்பூன் தண்ணீர் வந்தது,
அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.
காலையில் நாலாயிரம்.
டாங்கின் காற்றுத் திருகு திறந்தே இருந்தது.
ஓடும்போது பெட்ரோல் பல்பைப் பிடித்துப் பார்த்தேன்,
ஒட்டவில்லை, உள்ளங்கையில் தவளைபோல் கிடந்தது.
ப்ரொபெல்லர் மாற்றினேன்.
இடது குழாயை வலதுக்கும்
வலதை இடதுக்கும் மாட்டினேன்.
குழாயோடு நோய் போயிருந்தால்
பெட்ரோல் என்று முடித்திருப்பேன்.
போகவில்லை.

வாசுகிதான் சொன்னாள்,
எஞ்சினை அணைத்துவிட்டு ஒருதரம் பாரேன்.
ட்ரெய்லர் மேல் ஏறி லீவரைத் தள்ளினாள்.
முழுசாவா? முழுசாத்தான்.
நான் கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்தேன்.
படுத்துக் கிடக்க வேண்டிய தகடுகள் மூன்றும்
சாய்ந்து நின்றன, பாதித் தூக்கக் கண்கள்.
லீவரின் முதல் இரண்டு அங்குலம் வெறும் காற்று.
கேபிளுக்கு வயசாகிவிட்டது என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கேபிள் முனையில் ஒரு நட்டு.
பக்கத்து நட்டெல்லாம் உப்புப் பூத்துப் பச்சையாய் இருக்க
இது மட்டும் பளபள.
இரண்டு எஞ்சினிலும் செய்திருந்தால்
அன்றைக்கே தெரிந்திருக்கும்.
ஒன்றில் செய்தால் நோய்.
ஜனவரியிலிருந்து
பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தியாகியிடம் கேட்கப்போறியா என்றாள்.
அட்ஜஸ்டபிளை வைத்துத் திருப்பினேன்,
பதினோரு சுற்று.
ஒவ்வொரு சுற்றுக்கும் அவனைத் திட்டினேன்,
ஏழாவதில் வார்த்தை தீர்ந்துபோனது.
மடையா,
மெதுவாகப் போகிற படகைத்தானே
அலை முதலில் பிடிக்கும்.

ஞாயிறு ஐந்து மணி, இருட்டு.
நீ ஓட்டு என்றேன்.
நானா என்றான், பல் போன இடத்தில் காற்றோடு.
முதல் வரிசை உடைந்தது.
தள்ளினான்.
இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறின.
அவன் முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
நுரைக்குள் பதினொன்று, பன்னிரண்டு,
மூன்றாவது அலை எழும்புகிறது,
அதன் நெற்றியைத் தொடும் நேரம்
அவன் கை லீவரை
ஒரு விரல்கடை பின்னுக்கு இழுத்தது.
படகு பறக்கவில்லை.
அலைக்கு அந்தப் பக்கம் பொத்தென்று இறங்கி
ஓடியது.

வெளியே, கடல் சும்மா கிடந்த இடத்தில்,
தூண்டில் பெட்டியைத் திறந்தான்.
ஐஸ் மத்திகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து
என் கால் பக்கத்தில் வைத்தான்.
மீன் வாடையோடு,
பத்தாம் நம்பர்.