அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல்

படிவம் ஹெக்டயரில் கேட்கிறது.
உறுதியில் இருப்பது நாற்பத்திரண்டு பரப்பு.
பெருக்கிப் பிரித்து
ஒன்று தசம் பூச்சியம் ஆறு என்று எழுதினேன்.
தொண்டைமானாற்று ஐஸ் ஆலை, அதன் எண்ணெய்க் கிடங்கு,
பின்வளவில் கண்டல் மண்டிய கரை,
எல்லாம் அந்தத் தசமத்துக்குள் ஒடுங்கிப் படுத்தன.

காணியின் முன்னைய பயன்பாடு:
மீனுக்கு ஐஸ் உடைத்தார்கள்.
மூன்று எஞ்சின்கள் இரவிரவாய் இருமின.
கழிவெண்ணெயைக் கிடங்கில் ஊற்றியது முதலாளி,
பிறகு ஊற்றியது முகாம்,
பிறகு ஊற்றியது மழை மட்டும்.
கஜவதனன் 'முகாம்' என்பதை வெட்டி
'பிற பாவனையாளர்' என்று திருத்தினான்.
"புள்ளி குறைப்பாங்கள், அக்கா."

உள்ளூர்ப் பங்களிப்பு இருபது வீதம்.
சபையில் காசு இல்லை.
மீனவர் சங்கத்தின் உழவு இயந்திரப் பெட்டி இரண்டு,
முப்பது பேரின் பத்து நாள் வியர்வை,
அவர்களின் மத்தியானச் சோறு,
அதற்குள் கிடக்கும் மரவள்ளிக் கறி
எல்லாவற்றுக்கும் விலை போட்டேன்.
கறிக்குக் கொஞ்சம் கூடப் போட்டேன்.

இரட்ணசபாபதிக்குப் பிள்ளைகள் ஆறு.
நாலு ஒப்பம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.
ஐந்தாமவர் ஒஸ்லோவிலிருந்து கேட்டார்,
"துப்பரவாக்கினால் பரப்பு என்ன விலை போகும்?"
முப்பது வருடம் விற்க ஏலாது என்றேன்,
கரையில் ஒரு கண்டலும் வெட்ட ஏலாது என்றேன்.
அங்கே யாரோ கோப்பை கழுவும் சத்தம்.
கழுவி முடிந்தபின் "சரி, அனுப்பும்" என்றார்.
ஆறாமவர் கொடிகாமச் சந்தையில்
தேங்காய் எண்ணுவதை நிறுத்தாமலே ஒப்பமிட்டார்.
தாளில் தும்பு இன்னும் ஒட்டியிருக்கிறது.

இனிக் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆலை மதிலுக்கு இந்தப் பக்கம்
மங்களேஸ்வரியின் கிணறு.
அள்ளிய தண்ணீரைப் போத்தலில் அடைத்து
ரெஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்து
(ஐஸை நெல்லியடியில் காசு கொடுத்து வாங்கினோம்)
கொழும்பு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
ஆனையிறவு தாண்டும்போது கணக்கு ஓடியது:
அளவுக்குக் கீழே வந்தால் பன்னிரண்டு புள்ளி.
மேலே வந்தால் முப்பது.

முறிகண்டியில் பஸ் நின்றது.
எல்லோரும் இறங்கி வழித்துணை கேட்டுத்
தேங்காய் உடைத்தார்கள். நானும் உடைத்தேன்.
பிள்ளையாரே,
தண்ணீர் கெட்டிருக்கட்டும்.

கெட்டுத்தான் இருந்தது.
எண்ணெயும் கிறீசும் நாலு மடங்கு.
கஜவதனன் மேசையில் குத்தி "வந்திட்டுது!" என்றான்.
நானும் சிரித்தேன். அலுவலகத்துக்கு றோல்ஸ் வாங்கினோம்.
ஐந்து மாதத்தின் பின் கடிதம்: எழுபத்தொரு புள்ளி,
மானியம் அங்கீகரிக்கப்பட்டது,
கண்டல் கரைக்குக் கேட்டதில் பாதி வெட்டு.

மங்களேஸ்வரி பவுசர் தண்ணீரைக்
குடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.
"நாலு மடங்காம்" என்றேன்.
"தேத்தண்ணியிலை ஆடை மாதிரி மிதக்கேக்கையே
எனக்குத் தெரியும், பிள்ளை.
உங்களுக்குத்தானே கடதாசி வேணும்."
கோபமாய்ச் சொல்லவில்லை.
குடத்தைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன்.
மற்றக் குடத்தையும்.

கிடங்கைத் தோண்ட வைகாசியில் இயந்திரம் வரும்.
கறுத்த மண் லொறியில் போகும்; எங்கே போகும் என்பதற்கு
இன்னொரு படிவம் இருக்கிறது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்துக்
கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டும்
என்பது ஒன்பதாம் நிபந்தனை.

அந்தப் பெட்டியோடு மறுபடி முறிகண்டியில் இறங்குவேன்.
அதே கையால் இன்னொரு தேங்காய்.
போனமுறை கேட்டதை
எப்படித் திருப்பிக் கேட்பது என்று
இன்னும் சொல் அமையவில்லை.