கொள்ளுக்குடிப்பட்டி, மே மாதம்

எனக்குத் தெரியும்.
மார்கழியில் திருப்பத்தூர் பஸ்ஸில் போகும்போது
கண்மாய்க் கருவேல மரங்கள்
வெள்ளை வெள்ளையாய்க் கத்திக்கொண்டிருக்கும்.
பங்குனி கழிந்தால் மரம் வெறும் மரம்.

ஆனால் இவர்
ஜூரோங்கில் இருந்துகொண்டு தை மாதமே
போனில் திட்டம் போட்டுவிட்டார்.
"லீவுல வந்ததும் பிள்ளைகளோட
பறவை பாக்கப் போறோம்."
கூடவே எங்கிருந்தோ எடுத்த நாரைப் படங்கள்,
நாளுக்கு நாலு.
இருபத்தொரு நாள் லீவு.
கல்யாணம் இரண்டு, பேங்க், பல் டாக்டர்,
நிலத்து வில்லங்கம் பார்க்க ஒரு முழு நாள்.
மிஞ்சியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அதைப் போய் யார் உடைப்பது?

மச்சானின் ஆம்னி. ஏசி கிடையாது.
செக்காலையிலிருந்து ஆறரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள்
எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம்.
குன்றக்குடி மலை தெரிந்ததும்
வைரவன் வாந்தி எடுத்தான்.
பிள்ளையார்பட்டி தாண்டுவதற்குள் இன்னொரு முறை.
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டே
"நாரை வாந்தி எடுக்குமா?" என்றான்.
"எடுக்கும்டா, மீனா எடுக்கும்" என்றார் இவர்,
எல்லாம் தெரிந்த மாதிரி.

கண்மாயில் தண்ணீர் இல்லை.
பாளம் பாளமாக வெடித்த தரை,
ஒவ்வொரு வெடிப்பிலும் என் செருப்பு நுழையும்.
கோபுரத்தில் ஏறி
இவர் ஒரு கையால் நெற்றியில் நிழல் பிடித்து
நீண்ட நேரம் பார்த்தார்.
நான் புளிசாதப் பாத்திரத்தின் மூடியைத்
திறந்து திறந்து மூடினேன்.

காவலுக்கு இருந்தவர் பீடியை மறைத்துக்கொண்டு வந்தார்.
"என்ன சார், மே மாசத்துல வந்திருக்கீங்க.
எல்லாம் கிளம்பிருச்சே."
உமையாள்தான் கேட்டாள்,
"எங்க போயிருக்கும்?"
"அது எத்தனையோ தேசம் பாப்பா."
"திரும்பி வருமா?"
"வராம?"
"இதே மரத்துக்கா?"
"இதே கொப்புக்கு."
இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அப்புறம் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை.
பிள்ளைகள் கண்மாய்க்குள் இறங்கிவிட்டார்கள்.
பாளங்களை நாடுகளாக்கி
ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள்.
வெடிப்பில் கால் பட்டால் கடலில் விழுந்த கணக்கு.
இவரும் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தாவினார்,
மூன்றாவது நாட்டில் கணுக்கால் பிசகி
உட்கார்ந்துவிட்டார்.
அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பில்
எங்கிருந்தோ இரண்டு மைனா கிளம்பிப் பறந்தது.
உமையாள் ஓடி வந்து நோட்டில் எழுதினாள்.
நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாவற்றுக்கும்
நேற்றிரவே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள்.
மைனாவுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினாள்:
மைனா 2, காக்கா 5, ஆடு 31.

மரத்தடியில் பழைய கூடுகளிலிருந்து
சுள்ளிகள் உதிர்ந்து கிடந்தன.
எச்சம் காய்ந்து சுண்ணாம்பு பூசினாற்போல் ஒன்று
வைரவன் டிராயர் பைக்குள் போவதைப் பார்த்தேன்.

திரும்பும்போது இருவரும் தூங்கிவிட்டார்கள்.
"முன்னாலயே கேட்டிருக்கணும்" என்றார்.
"என்னத்த?"
"சீசன."
வெளியே குலை குலையாய் நுங்கு விற்றார்கள்.
"நிறுத்துங்க" என்றேன்.
ஒரு டஜன் வாங்கி
வண்டிக்குள்ளேயே கட்டைவிரலால் நோண்டித் தின்றோம்,
சட்டையெல்லாம் தண்ணீர், யாரும் யாரையும் திட்டவில்லை.

அடுத்த வியாழன் இரவு
வீட்டுத் தராசில் பெட்டியை ஏற்றி இறக்கினோம்.
நானூறு கிராம் கூடுதல்.
மாவடு பாட்டிலை எடுத்தார், மனசில்லாமல்.
ஒரு லுங்கியை எடுத்தார்.
"இன்னும் கொஞ்சம்" என்றது முள்.
அடியில், வேட்டி மடிப்புக்குள்
அந்தச் சுள்ளி இருந்தது.
எனக்குத் தெரியும்.
முறுக்கு டப்பாவை எடுத்து வெளியே வைத்தேன்.