குஞ்சப்பனையில் கேட்கவில்லை

குஞ்சப்பனையில் பஸ்ஸை நிறுத்தி
என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
பாதி குடித்தது.
கல்யாணத்துக்குப் போகிறவர்களிடம்
நானூறு பேப்பர் கப், கட்டுக் கூடப் பிரிக்காதது.
மடியிலிருந்த லேப்டாப் பெட்டியை
யாரும் தொடவில்லை.
மலைக்கு ஆகாதது அதில் என்ன இருக்கப்போகிறது?
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முப்பத்தோராயிரம், பத்துத் தவணை.
இலைக் கணக்கு எழுத வாங்கியது.
அரவேணுப் பக்கம் நாற்பத்திரண்டு தோட்டம்,
தினம் எத்தனை கிலோ,
ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிவு,
ஃபேக்டரி இந்த மாதம் என்ன விலை போட்டது.
உண்மையில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் வேலை.

திறந்தால், எனக்கு முன்பே குடிவந்திருந்தார்கள்.
என்னிடம் பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது,
முகத்தைக் காட்டச் சொன்னது,
சொந்த வீட்டுக்கு
வாடகைக்கு வந்தவள் மாதிரி நின்றேன்.
உள்ளே மிட்டாய் உடைக்கும் விளையாட்டு.
வைரஸுக்குக் காவல் இருப்பதாகச் சொன்னவன்
முதல் நாளே சம்பளம் கேட்டான்.
வானிலைக்காரன்: சென்னை, முப்பத்தாறு டிகிரி, புழுக்கம்.
நான் இரண்டு ஸ்வெட்டருக்குள் இருந்தேன்.
ஒரு பெண் குரல், எப்படி உதவட்டும் என்றது.
போயிடும்மா, என்றேன்.
புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது.

சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன்.
நீக்கவா? நீக்கு.
உறுதியாகவா? ஆமாம்.
ஒன்று போகும்போது காரணம் கேட்டது.
நான்கு காரணம் அதுவே எழுதி வைத்திருந்தது,
ஐந்தாவதாக ஒரு காலிக் கட்டம்.
‘நான் கூப்பிடவே இல்லை’
என்று தமிழிலேயே அடித்துவிட்டு அனுப்பினேன்.
சிலதுக்கு நீக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கிறது,
கட்டபெட்டுப் பனிக்குள் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மாதிரி.
இருக்கிறது. பிடிக்க முடியாது.

‘என்ன பண்றே இந்நேரத்துக்கு?’
தவசீலன் போர்வைக்குள்ளிருந்து.
‘வெட்டிக்கிட்டிருக்கேன்.’
அவனுக்குப் பகலெல்லாம் அதுதான் பிழைப்பு,
சோலை ஓரம் சீகை வெட்டும் கான்ட்ராக்ட்.
சோப்புப் போட்டாலும் போகாத பட்டைக் கறை கையில்.
திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வேகத்தில் ஒரு தப்பும் செய்தேன்.
பெயர் புரியாத ஒன்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன்,
பிரிண்டர் ஊமையாகிவிட்டது.
இப்போது கோத்தகிரி போய்
பக்கத்துக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறேன்.
சீகைக்கு நடுவில் நாவல் கன்று நின்றால்
கத்தி பார்க்காது என்று அவன் சொல்வதுண்டு.
வானிலைக்காரனை மட்டும் விட்டுவைத்தேன்.
ஊரை மாற்றிக் கொடுத்தேன்.
தெளிந்த வானம் என்கிறான்,
என் கேட்டே எனக்குத் தெரியாதபோது.

பதினொரு மணிக்கு
பெட்டிக்குள் ஏதோ நின்றது.
அது நின்ற பிறகுதான்
இத்தனை நாளும் இரைந்துகொண்டிருந்தது தெரிந்தது.
வேலியோரம் காட்டெருமை ஒன்று
மூக்கால் மூச்சு விடுவது கேட்டது.
நானும் விட்டேன்.

புதன்கிழமை காலை
தானாக அணைந்து, தானாக விழித்து,
அணைக்காதே அணைக்காதே என்று நாற்பது நிமிடம் சுற்றி,
திறந்தபோது
மிட்டாய் விளையாட்டு பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது,
ஊருக்குப் போய்த் திரும்பிய மைத்துனன் தோரணையில்.
தவசீலன் டீ டம்ளரோடு
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
‘சீகை,’ என்றான்.
கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

நான் பழைய நோட்டை எடுத்தேன்.
சனிக்கிழமைக்கு நேராக,
கழிவுக் கட்டத்தில் எழுதினேன்:
பதினொரு ஜிபி.
அதற்குக் கீழே, புதன்.
வரவு, ஒன்று.