தயிர்க் கோப்பையில் இருபத்து மூன்று

பிர்னோ நகரில் டிராம் ஓட்டும் விளாஸ்தா
ஜனவரி இரவொன்றில் விதைத்தாள்,
மூச்சை அடக்கிக்கொண்டுதான்.
போன முறை ஒரே தும்மலில்
பாதிப் பாலைவனம் கம்பளத்துக்குள் போய்விட்டது.

தயிர்க் கோப்பை, சலித்த மணல்,
வேகவைத்து ஆறிய மண். மேலே பாலித்தீன் உறை,
துணி காயப்போடும் கிளிப்.
வெளியே டிராம் கம்பியில் பனி தடித்துக்கொண்டிருக்க
ட்யூப்லைட்டுக்கு அடியில் இவள்
ஒரு மழைக்காலத்தை நடத்திக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள்
இருபத்து மூன்று பச்சைப் புள்ளிகள்.
கடுகைவிடச் சிறிசு. முள்ளே இல்லை.
“இது கள்ளியே இல்லை, உன்னை ஏமாற்றிவிட்டார்கள்”
என்றான் ஓல்ட்ரிக்,
பூதக்கண்ணாடியைத் திருப்பித் தராமலே.

பூஞ்சை வந்த வாரம் பதினான்கு போயின.
யாரிடமும் சொல்லவில்லை.
அன்று இரண்டு நிறுத்தங்களில்
கதவைத் திறக்க மறந்தாள்.

மீதி ஒன்பது.
ஏப்ரலில் உறையைப் பிரித்தாள்,
நாளுக்கொரு விரற்கடை,
வறண்ட காற்று அவற்றுக்குப் பழகட்டும் என்று.

நேற்று ஒன்றின் உச்சியில்
வெள்ளையாய் ஏதோ.
மறுபடியும் பூஞ்சையோ என்று பதறி
விரல்நுனியால் தொட்டாள்.

குத்தவில்லை.
குத்தப் பார்த்தது.