போதுமான வியர்வை இல்லை

முன்கையில் தபால்தலை அளவுக்கு ஓர் ஒட்டு.
ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம்,
வியர்த்தால் போதும் என்றார் ஹைனி,
கடலடிச் சுரங்கத்தில் கார் ஓட்டி வந்த ஆய்வாளர்.

வியர்க்கவா?
கிளாக்ஸ்விக் ஆலையில் மீன் கூறு போடுகிறவள் நான்.
கையுறைக்குள் இருக்கும் பத்து விரலும்
எனக்குச் சொந்தமா, காட் மீனுக்குச் சொந்தமா என்று
சாயங்காலம்தான் தெரியவரும்.
பதினேழு வருடமாகச் சர்க்கரைக்குக் குத்திய நுனிகள்.
எது ஊசித் தழும்பு, எது கத்தித் தழும்பு,
தோலுக்கே மறந்துபோயிற்று.

திங்கள்: போதுமான வியர்வை இல்லை.
செவ்வாய்: போதுமான வியர்வை இல்லை.
உழைத்துச் சாப்பிடுகிறவளிடம் இப்படிச் சொல்ல
ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு என்ன துணிச்சல்!
புதன்கிழமை அதற்காகவே
இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு
மலைச்சரிவில் ஓடினேன்.
ஆடுகள் மேய்வதை நிறுத்திப் பார்த்தன.
அரும்பிய துளியை
அரும்பிய இடத்திலேயே வாங்கிக்கொண்டது காற்று.

ரத்தத்தில் நூறு இருந்தால்
வியர்வையில் ஒன்றுதான் கசியும்,
அதுவும் தாமதமாக வரும் என்று
ஹைனி முதல்நாளே சொல்லியிருந்தார்.
என் வீட்டுக்காரர் ஏயுன் கப்பலிலிருந்து பேசுவதுபோல, என்றேன்.
பாரன்ட்ஸ் கடலுக்குப் போய் ஆறு வாரம்.

வெள்ளி இரவு, மூன்று மணி.
தலையணை நனைந்து கிடந்தது,
முதுகில் சில்லென்று ஓர் ஓடை.
வாய்க்குள் யாருடைய நாக்கோ.

ஏயுன் ஊரில் இருந்தால்
தூக்கத்திலேயே என் பிடரியில் உள்ளங்கை வைப்பார்.
ஈரம் தட்டுப்பட்டால் எழுந்துபோய்
ருபார்ப் ஜாம் எடுத்து வருவார்.
எண் கேட்டதில்லை.

அன்று நானே போனேன், சுவரைப் பிடித்துக்கொண்டு.
கரண்டி கையில் நிற்கவில்லை.
குளிர்பெட்டி வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து
ஜாடிக்குள் விரலை விட்டு
வழித்து வழித்துத் தின்றேன்.
நான்காவது வாய்க்கு
ஒட்டு அலறியது:
இரண்டு புள்ளி ஏழு.
ஐந்து நாளில் அது சொன்ன முதல் எண்.
தெரியும், தெரியும் என்றேன், வாய் நிறைய.

காலையில் படிவம்.
வியர்வைக்குக் காரணம்:
உழைப்பு, உடற்பயிற்சி, வெயில், பிற.
வெயிலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.
'பிற' என்பதில் குறியிட்டேன்.
விவரம் எழுத விரற்கடை அளவுதான் இடம்.

அங்கே கொஞ்சம் ஜாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
துடைக்கவில்லை.
அதையும் அளந்து பார்க்கட்டும் ஹைனி.