ஒரு வசனம் பிந்தி

மட்டக்குளியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
உலகம் முதலில் ஆங்கிலத்தில் முடியும்.
ஒரு வசனம் பிந்தித் தமிழில் முடியும்.
அந்த இரண்டாவது முடிவு என் வேலை.

கிழமை நாட்களில் கோட்டையில்
கப்பல் கொம்பனிக்குச் சரக்குப் பட்டியல் அடிக்கிறேன்.
ஞாயிறில் மட்டும் இன்னொருவரின் 'நான்'
என் வாய்க்குள் குடியிருக்கும்.
அவர் நேற்றிரவு தரிசனம் கண்டால்
நானும் கண்டேன் என்கிறேன்.
நான் கண்டது
தண்ணி வராத பைப்பை.

அன்று வந்த போதகர் நல்ல உயரம்.
ஃபேனுக்குப் பயந்து
பாதிக் கையைத்தான் வானத்துக்கு உயர்த்தினார்.
திரையில் ஒரு வரைபடம்,
நாலு பக்கமும் சிவப்பு அம்புகள்.
வடக்கிலிருந்து ஒரு சேனை வரும் என்றார்.
'வடக்கிலிருந்து' என்று நான் சொன்னதும்
மூன்றாம் வரிசையில் சிலர் நிமிர்ந்தார்கள்.
அவர்களுக்கு வேறு வடக்கு.

முன்வரிசையில் லெஸ்லி மிராண்டா,
மாகாண சபைக்கு நிற்கிறவர்,
எல்லோரும் வேர்க்கும் மண்டபத்தில் வேர்க்காத கழுத்து.
ஆடியில் தேர்வடம் பிடித்தார்,
கந்தூரியில் சோறு பரிமாறினார்,
இன்றைக்குக் கண்மூடி இரண்டு கையும் மேலே.

உங்கள் நாடு எந்தப் பக்கம் கை உயர்த்தியது என்று
பரலோகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், என்றார் போதகர்.
டொலர் வற்றியது அதனால்தான்,
பெற்றோலுக்கு வரிசை நீண்டதும் அதனால்தான்,
சரியான மனுஷனை அனுப்புங்கள்,
சாபம் நீங்கும்.
மூன்று நாள் அந்த வரிசையில் நின்றவள் நான்.
கால் நம்பவில்லை,
வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.
யுத்தம் தொடங்கும் நாளில் அழாதீர்கள்,
அது கதவு திறக்கும் சத்தம்,
கை தட்டுங்கள்.

மைக் என் பக்கம் திரும்பியது.

மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒக்சீலியா அன்ரி.
மூத்தவனைத் தேடுகிற பிளாஸ்டிக் ஃபைல்
பைபிளுக்கு அடியில்.
இளையவன் நிரோஜன், அஸ்கலோனுக்குக் கிட்ட
கண்ணாடிக் கூடாரத்தில் குடமிளகாய் பறிக்கிறான்.
சைரன் அடித்தால் ஓடி ஒளிய எத்தனை செக்கன் என்று
அவன் போனில் சொன்னதை
எனக்கு ஒருநாள் விரல் மடக்கிக் காட்டியிருக்கிறா.
இப்போது அதே விரலால்
அந்தரத்தில், திரைக்கு நேரே,
எதையோ அளந்துகொண்டிருந்தா.

அழாதீர்கள்.
நடுவில் இரண்டு எழுத்துக்குத்தான் எலும்பு.
நான் அதை விழுங்கினேன்.
யுத்தம் தொடங்கும் நாளில்
அழுங்கள், என்றேன்.
கை தட்டுங்கள் என்பதைச் சொல்லவே இல்லை.

ஆங்கிலம் தெரிந்த முன்வரிசை கை தட்டியது.
தமிழ் மட்டும் கேட்ட பின்வரிசைகளில்
யாரோ ஒருவர் தொடங்க,
வாய்க்கால் உடைந்தமாதிரி.
போதகர் கண் கலங்கி என் தோளைத் தட்டினார்,
ஆவியானவர் இறங்கிவிட்டார் என்றார்.
அதையும் மொழிபெயர்த்தேன்.

கீழே பேப்பர் கப்பில் பிளேன்ரீ.
மிருகத்தின் முத்திரை வாங்காதீர்கள் என்று கேட்டு வந்த கைகளில்
மிராண்டாவின் ஆட்கள் நோட்டீஸ் திணித்தார்கள்:
விருப்பு இலக்கம் ஏழு,
பரிசுத்தமான எண்,
மறக்காமல் புள்ளடி.
எனக்கு ஒரு கவர் தந்தார்கள்,
இரண்டாயிரம் இருந்தது.
நசார் நானா யாருடைய வேனுக்கோ
காற்றடித்துக்கொண்டிருந்தார்.

அன்ரி கிட்ட வந்தா.
'பிள்ளை, அந்த மெப்பில
கீழ்ப்பக்கத்து அம்பு
எந்த ஊரில போய் முடியுது?'

எனக்கு வடிவாகத் தெரிந்தது.
முன்னால் நின்று பார்த்தவள் நான்.

'எழுத்துச் சின்னன் அன்ரி,
வாசிக்கேலாமப் போச்சு.'

அவ நோட்டீசை நாலாய் மடித்து
ஃபைலுக்குள் வைத்தா.
எதையும் எறிகிற பழக்கம் அவவுக்கு இல்லை.