பழைய பாக்கி

குராம் ஏணி கொண்டுவரவில்லை.
மாடிப்படித் திருப்பத்தில் தகரப்பெட்டி,
உள்ளே ஐந்து மீட்டர். நாலாவது என்னுடையது.
பேனா இரவல் கேட்கிறவன் மாதிரி தயங்கி
இடுக்கியை உள்ளே விட்டான்.
என் ஃப்ரிட்ஜ் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"இருநூற்றுப் பதினாலு லரி, அறுபது தெத்ரி."
"மாசாமாசம் கட்டுகிறேனே?"
"இது உங்களுடையது இல்லை. வீட்டுடையது."

ஆறு வருஷத்துக்கு முன் இதை வாங்கியபோது
குழாயைத் திறந்து பார்த்தேன்,
சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
வீட்டுக்கும் கடன் இருக்குமென்று
குதைசியில் ஒருவரும் சொல்லவில்லை.
வாஜா சிக்லாட்ஸே சாவியை என் கையில் வைத்துவிட்டு
கிரேக்கத்துக்கு பஸ் ஏறினார்.
இப்போது ஆபீசில் கம்ப்யூட்டர் மாற்றினார்களாம்,
செத்த கணக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்ததாம்.

எதிர்வீட்டு லம்ஸிரா எதுவும் விசாரிக்கவில்லை.
ஆரஞ்சு நிற ஒயரின் ஒரு முனையை
என் கதவுக்கு அடியில் தள்ளினாள்.
அங்கே மரத்தில் ஒரு சின்ன வெட்டு,
எலியின் வேலை என்று
இத்தனை நாள் துணி அடைத்து வைத்திருந்தேன்.
துணியைத் தள்ளிக்கொண்டு
ஒயர் அளவெடுத்ததுபோல் உள்ளே வந்தது.
"பல்பு போட்டுக்கொள். போன் போட்டுக்கொள்.
ஹீட்டர் மட்டும் வேண்டாம், மக்வாலா.
சத்தியம் பண்ணு."
நவம்பர் மாதம். சத்தியம் பண்ணினேன்.

பேக்கரியில் இரவு வேலை முடித்து
தலையில் மாவோடு வரிசையில் நின்றேன்.
பேச வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன்:
எவனோ தின்றதற்கு
என் வயிற்றில் கை வைப்பதா?
கணக்கைக் காட்டு என்றதும்
மூன்று தாள் நீட்டினார்கள்.
என் நம்பர் எழுபத்தொன்று. ஓடிக்கொண்டிருந்தது நாற்பது.
வேறு வேலை இல்லாமல் படித்தேன்.

நவம்பர், நூற்றுப் பத்து யூனிட்.
டிசம்பர், முந்நூற்று நாற்பது.
ஜனவரி, நானூற்றுப் பதினைந்து.
பிப்ரவரி, நானூற்று முப்பத்தெட்டு.
மார்ச், பத்தொன்பது.
அதற்குப் பிறகு சைபர், சைபர்.

இரவும் பகலும் யாருக்கோ சூடு தேவைப்பட்டிருக்கிறது.
எந்த அறையில் என்பதும் தெரிந்துவிட்டது.
நான் தூங்கும் அறையில் ஒரு பிளக் பாயின்ட்
உருகிக் கறுத்திருக்கிறது.
அலங்கோலமென்று அதன்முன் பீரோவை நகர்த்தியது நான்தான்.
மார்ச் மாதம் அந்த உயிர் போயிருக்கும்.
பத்தொன்பது யூனிட்,
வந்து போனவர்களுக்குத் தேநீர்.

மனுவில் "ஏமாற்றி" என்று எழுதியிருந்ததை அடித்தேன்.
மற்றதை அடிக்கவில்லை.
எனக்கும் குளிரும், எனக்கும் சம்பளம்
பத்தாம் தேதிதான் வரும்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு,
"மனுவுக்கு முப்பது நாள். கரன்ட் இன்றைக்கே வேண்டுமானால்
எட்டுத் தவணை" என்றார்.
இருபத்தேழு லரி எண்ணி வைத்தேன்.
ரசீதில் வாஜாவின் பெயர்.

சாயங்காலம் குராம் வந்தான். ஃப்ரிட்ஜ் முனகியது.
ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன்,
மூன்று இடத்தில் கறுப்பு டேப்.
ஒரு பேச்சுக்குக் கேட்டேன்:
"மார்ச்சில் அந்த வீட்டில் யார் இறந்தது?"

"மார்ச்சா?" என்றாள் லம்ஸிரா.
"மார்ச்சில் கரன்டைத்தான் வெட்டினார்கள்.
வாஜாவின் அண்ணன் மே வரைக்கும் இருந்தான்.
என் ஃப்யூஸ் நாலு தடவை போயிற்று."

ஒயரை வாங்கிக்கொள்ளவில்லை.
"உன்னிடமே இருக்கட்டும்," என்றாள்,
"எட்டுத் தவணை என்றாயே."